14-க்கு 11 ஹால்: ஒரே ஒரு 12 இன்ச் சப்வூஃபரா, இரண்டு 10 இன்ச்சா?

சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை இன்ச், எத்தனை வாட்ஸ் என்பதைத்தான். ஒரே பணத்துக்கு ஒரு நல்ல 12 இன்ச் பெட்டியும் கிடைக்கும், 10 இன்ச் பெட்டிகள் இரண்டும் கிடைக்கும் என்ற நிலை வந்தால் பெரும்பாலோர் பெரியதைத்தான் எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அது டிவிக்குப் பக்கத்து மூலையில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு சோஃபாவின் ஓரத்தில் இருப்பவருக்குக் காது அடைக்கிறது, நடுவில் இருப்பவருக்கு பேஸே இல்லை என்ற புகார் வரும். பெட்டியில் குறை இருக்காது. அந்த அறையில், அந்த மூலையில் வைத்தால் எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியும் அப்படித்தான் ஒலிக்கும்.

நம் ஊர் வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம்: நீளம் 14 அடி, அகலம் 11 அடி, உயரம் 10 அடி. செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். டிவி 11 அடிச் சுவரில், சோஃபா அதற்கு எதிர்ச்சுவரை ஒட்டி. இந்த அறையை வைத்தே இரண்டு தேர்வுகளையும் அலசலாம்.

ஒலியின் வேகத்தை (ஏசி போட்ட அறையில் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர்) அறையின் நீளத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால், அந்த நீளத்தில் முதலில் ஒத்ததிரும் அலைவரிசை கிடைக்கும். 14 அடிக்கு அது 40 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51, 10 அடி உயரத்துக்கு 57. மூன்றுமே சப்வூஃபர் வேலை செய்யும் எல்லைக்குள் விழுகின்றன. மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாகக் கட்டிய சுவர்கள் கொஞ்சம் அதிர்ந்து இந்த ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் சுவர்கள் விழுங்குவதில்லை, அப்படியே திருப்பி அனுப்பும். அதனால்தான் இங்கே ஏற்ற இறக்கம் இவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது.

இதில் 51 ஹெர்ட்ஸ்தான் வில்லன். அகலவாக்கில் எழும் இந்த அலையின் அழுத்தம் இரு பக்கச் சுவர்களிலும் உச்சத்தில் இருக்கும், நடுக்கோட்டில் பூஜ்யத்தை நெருங்கும். மூலையில் வைத்த சப் இதை முழு வேகத்தில் தூண்டிவிடும். மூன்று பேர் உட்காரும் சோஃபாவில் ஓரத்து இருவருக்கும் 51 ஹெர்ட்ஸ் தூக்கலாகவும் நடுவில் இருப்பவருக்குப் பள்ளமாகவும் கேட்பது இதனால்தான். ஈக்வலைசர் (அலைவரிசைவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வைத்து ஓரத்துக்குக் குறைத்தால் நடுவில் இன்னும் வறண்டுபோகும், நடுவுக்கு ஏற்றினால் ஓரம் தாங்காது. ஸ்பீக்கர்களையும் சப்பையும் இணைக்கும் எந்த ரிசீவராலும் இதைச் சரிசெய்ய முடியாது.

40 ஹெர்ட்ஸ் கதை வேறு. அது நீளவாக்கில் எழுகிறது. சோஃபாவில் இருக்கும் மூவரும் பின்சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால் மூவருக்கும் ஒரே அளவு தூக்கலாகக் கேட்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் தூக்கலை ஈக்வலைசர் அழகாக வெட்டிவிடும். எதை இடத்தால் சரிசெய்ய வேண்டும், எதை ஈக்வலைசரிடம் விடலாம் என்ற இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு 10 இன்ச் எங்கே ஜெயிக்கிறது

டிவி சுவரில், பக்கச் சுவர்களிலிருந்து அகலத்தின் கால் பங்கு தள்ளி ஒவ்வொன்றாக வையுங்கள். 11 அடியில் கால் பங்கு 2 அடி 9 அங்குலம்; பெட்டியின் மையம் அந்தக் கோட்டில் வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே சிக்னல் போகும்போது, ஒன்று 51 ஹெர்ட்ஸ் அலையைத் தள்ளும் திசைக்கு எதிர்த்திசையில் மற்றது தள்ளும். அலை எழவே எழாது. இந்தக் கால்பங்கு இடத்துக்கு இன்னொரு ஆதாயம் உண்டு: அகலத்தின் இரண்டாவது ஒத்ததிர்வான 103 ஹெர்ட்ஸும் தூண்டப்படாது. பெட்டிகள் 14 அங்குல அகலம் என்றால் நடுவில் 4 அடி 4 அங்குலம் மிஞ்சும், ஒரு டிவி யூனிட்டுக்குத் தாராளம். இடமில்லாமல் இரண்டு மூலைகளுக்கும் தள்ளினாலும் 51 ரத்தாகும், 103 மட்டும் தங்கும். அது 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவருக்கு (இதற்குக் கீழுள்ள ஒலியை மட்டும் சப்புக்கு அனுப்பும் எல்லை) மேலே இருப்பதால் பெரிய தொந்தரவு இல்லை.

ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு செவ்வக அறைகளில் பல சப்வூஃபர் அமைப்புகளை ஒப்பிட்டது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று, அல்லது நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று என்ற அமைப்புகள் இருக்கைக்கு இருக்கை வித்தியாசத்தை நன்றாகக் குறைத்தன. நான்குக்கு மேல் போவதில் சொல்லத்தக்க லாபம் இல்லை. ஆனால் நம் ஹாலில் பின்சுவர் நடுவில் சோஃபா இருக்கிறது. அதன் பின்னால் ஒரு பெட்டியை நுழைத்தால் அது காதுக்கு மிக அருகில் வந்து, சத்தம் பின்னாலிருந்து வருவது தெரிந்துவிடும். இரண்டு வரிசை இருக்கை போட்ட தனி தியேட்டர் அறைக்கு எதிரெதிர்ச் சுவர், ஒரே சோஃபா போட்ட ஹாலுக்கு டிவி சுவரின் கால்பங்குப் புள்ளிகள். இதுவே எங்கள் பரிந்துரை.

சத்தத்தின் அளவிலும் இரட்டை பின்தங்காது. ஒரு 10 இன்ச் கூம்பின் பரப்பு சுமார் 340 சதுர சென்டிமீட்டர், 12 இன்ச்சுக்குச் சுமார் 500. இரண்டு பத்துகள் சேர்ந்தால் 680. கூம்பு முன்பின் நகரும் தூரம் சமமாக இருந்தால் இரட்டைதான் அதிகக் காற்றைத் தள்ளும்.

ஒற்றை 12 இன்ச் எங்கே ஜெயிக்கிறது

ஆழத்தில். இரண்டு பெட்டி வைத்தால் சத்தம் கூடும். ஒரு பெட்டி இறங்காத ஆழத்துக்கு இரண்டு சேர்ந்தும் இறங்காது. பெரிய பெட்டியை 20 ஹெர்ட்ஸ் பக்கம் டியூன் செய்ய இடம் இருக்கும், சிறிய போர்ட்டட் (காற்றுத் துளை வைத்த) பெட்டி பெரும்பாலும் அதற்கு முன்பே கை விரித்துவிடும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ்தான், ஆகவே பாட்டு கேட்பவர் பெரிதாக இழப்பது ஒன்றுமில்லை. வெடிப்பும் நிலநடுக்கமும் விண்கல எஞ்சினும் நிறைந்த படங்களின் எல்எஃப்இ டிராக்கில் (தாழ்ந்த விளைவொலிக்கென்றே உள்ள தனி டிராக்) 30 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் விஷயம் உண்டு. அதற்காகவே தியேட்டர் அமைப்பவருக்கு 12 இன்ச் சரியான செலவு.

ஒருவர் மட்டுமே உட்கார்ந்து பார்க்கும் அறையிலும் ஒற்றையே போதும். இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் என்ற பிரச்சினையே அங்கு இல்லை.

ஒற்றையை எடுத்தால் மூலை வேண்டாம். டிவி சுவரில் தொங்குகிறது என்றால் அதற்கு நேர் கீழே, சுவரின் சரிபாதியில் வையுங்கள். 51 ஹெர்ட்ஸ் அலைக்கு அந்த இடம் பூஜ்யப் புள்ளி. அங்கிருந்து அதைத் தூண்டவே முடியாது. மூலையில் கிடைக்கும் கூடுதல் சத்தம் இங்கே கொஞ்சம் குறையும், மூன்று இருக்கைக்கும் பேஸ் ஒன்றுபோல இருக்கும். டிவி யூனிட் அந்த இடத்தை அடைத்திருந்தால் பழைய தவழும் முறை இருக்கிறது. சப்பைச் சோஃபாவிலேயே தூக்கி வைத்து பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து கேளுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் கேட்கும் இடத்தில் பெட்டியை வையுங்கள். மிகச் சத்தமாகக் கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் எல்லோரும் செய்கிற தவறு.

சீல்டா, போர்ட்டட்டா

இதையும் அறையே முடிவு செய்கிறது. சீல்டு (துளையில்லாமல் மூடிய) பெட்டியின் ஒலி ஓர் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் சரியும். போர்ட்டட் பெட்டி அதைவிடத் தாழ்வாக வந்து, பிறகு 24 டெசிபல் வீதம் மளமளவென்று விழும். கதவு சன்னல் மூடிய கான்கிரீட் அறையில், முதல் ஒத்ததிர்வான 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். சீல்டு பெட்டியின் சரிவை அது ஓரளவு ஈடுகட்டும். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் கதவில்லாத வளைவு மட்டும் இருந்தால் அந்த உதவி கிடைக்காது, போர்ட்டட் வாங்குங்கள். போர்ட் பின்பக்கம் இருந்தால் சுவருக்கும் அதற்கும் குறைந்தது போர்ட்டின் விட்டமளவு இடைவெளி வேண்டும், இல்லையென்றால் காற்று சீறும் ஓசை வரும். இரண்டு வாங்குவதாக இருந்தால் ஒன்று சீல்டு ஒன்று போர்ட்டட் என்று கலக்கக் கூடாது. டியூனிங் அலைவரிசைக்கு அருகில் இரண்டின் ஃபேஸும் (அலை ஏறி இறங்கும் நேரம்) ஒத்துப்போகாமல் ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஒரே மாடலில் இரண்டு வாங்குவதே நல்லது.

இணைப்பும் அமைப்பும்

கேபிள் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, ஷீல்டு உள்ள சாதாரண ஆர்சிஏ போதும். ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து சப்பின் எல்எஃப்இ இன்புட்டுக்கு. அந்த இன்புட் இல்லாத சப்பில் கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் வைத்துவிடுங்கள். ரிசீவர் ஒரு முறை வெட்டி, சப் இன்னொரு முறை வெட்டினால் 60-லிருந்து 80 வரை ஓட்டை விழும். பல ரிசீவர்களில் சப் அவுட் இரண்டு இருந்தாலும் உள்ளே ஒரே சிக்னல்தான். நம் சமச்சீர் அமைப்புக்குத் தேவையும் அதுதான். ஒரே அவுட் என்றால் ஒரு ஒய் கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரட்டையில் முதலில் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள். ஃபேஸ் திருகு இரண்டிலும் 0. 50 ஹெர்ட்ஸ் டோனைச் சன்னமாக ஓடவிட்டு, ஒவ்வொரு கூம்பிலிருந்தும் ஓர் அடி தூரத்தில் போனை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, ஒரு டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். போன் மைக் தாழ்ந்த ஒலியின் உண்மை அளவைச் சொல்லாது. ஒரே டோனில் இரண்டு பெட்டிகளை ஒப்பிட அது போதும்.

அதன் பிறகே ஆட்டோ காலிப்ரேஷன், அதாவது ரிசீவர் தன் மைக்கால் அறையை அளந்து தானே அமைத்துக்கொள்வது. மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசியை அணையுங்கள், மைக்கைச் சோஃபா முதுகில் வைக்காமல் கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். முடிவில் சப் லெவல் -3-லிருந்து -6-க்குள் வந்தால் நல்லது. -12 என்று காட்டினால் ரிசீவர் தன் எல்லையில் முட்டி நிற்கிறது என்று பொருள். சப்பின் கெயினை (சத்தத் திருகை) குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். லெவல் மிகத் தாழ்ந்திருந்தால் சிக்னல் போதாமல் சப்பின் ஆட்டோ ஸ்டாண்ட்பை விழிக்காது. படம் மெதுவாக ஓடும் இடங்களில் சப் தூங்கிவிடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சப்வூஃபர் தூரம் டேப்பில் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் மாற்றாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது.

ஆட்டோ முடிந்ததும் கையால் திருத்த வேண்டியவை சில உண்டு. எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ ஆக்குங்கள், அவற்றின் பேஸ் சப்புக்குப் போகும். கிராஸ்ஓவரை 80-க்கு ஏற்றலாம். ரிசீவர் கண்டுபிடித்த அளவுக்குக் கீழே மட்டும் இறக்கக் கூடாது. மூன்று இன்ச் சாட்டிலைட் ஸ்பீக்கர்கள் என்றால் 120 அல்லது அதற்கும் மேலே தேவைப்படும். அப்போது ஆண் குரலின் அடிப்பகுதி சப்பிலிருந்து வருவது தெரியும் என்பதால் சப்பை முன்சுவரை விட்டு நகர்த்த முடியாது. எல்எஃப்இ லோபாஸ் (அந்த டிராக்கின் மேல் எல்லை) 120. ‘எல்எஃப்இ பிளஸ் மெயின்’ அணைந்திருக்கட்டும், இல்லையென்றால் ஒரே பேஸ் இரண்டு வழியில் வந்து குழம்பும். கடைசியாக 80 ஹெர்ட்ஸ் டோனை முன் ஸ்பீக்கர்களும் சப்பும் சேர்ந்து ஒலிக்கவிட்டு, ரிசீவரில் சப் தூரத்தை ஓர் அடி ஓர் அடியாக மாற்றிப் பாருங்கள். இருக்கையில் எந்த எண்ணில் சத்தம் உச்சமாக இருக்கிறதோ அதுவே சரியான எண்.

சோஃபாவைப் பின்சுவரிலிருந்து 2 அடி முன்னே நகர்த்த முடிந்தால் 81 ஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபல் தூக்கல் இறங்கும். 40 ஹெர்ட்ஸ் அசையாது, அது ஈக்வலைசரின் வேலை. சுவரில் ஒட்டும் ஃபோம், முட்டை அட்டை எதுவும் இங்கே உதவாது: 40 ஹெர்ட்ஸ் அலையின் கால் நீளமே 2 மீட்டருக்கு மேல்.

சப் இணைத்தவுடன் ‘ஹம்’ என்று இரைந்தால் முதலில் டிடிஎச் கேபிளைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கிரவுண்ட் லூப் (எர்த் வழியே இரைச்சல் சுற்றும் பாதை) அங்கேதான். ரிசீவரையும் சப்பையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பது பெரும்பாலும் சரிசெய்யும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

அடுக்குமாடியில் இருப்பவருக்கு

கீழ்வீட்டுக்காரரை நினைத்துச் சப்புக்கு அடியில் ஃபோம் மேடை வாங்குகிறார்கள். தளம் வழியாக நேராக இறங்கும் அதிர்வை அது கொஞ்சம் தணிக்கும். காற்றில் பரவிச் சுவரைத் தட்டும் 40 ஹெர்ட்ஸை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே மூன்றாவது தேர்வு ஒன்று மற்ற இரண்டையும் வெல்கிறது: ஒரே ஒரு சீல்டு 10 இன்ச், சோஃபாவின் கைப்பிடியை ஒட்டி. காதுக்கு மூன்று அடியில் இருக்கும் சப்பை வெகுவாகக் குறைத்து ஓட்டினாலே போதுமான பேஸ் கிடைக்கும், அறை முழுவதையும் நிரப்பும் ஆற்றல் தேவைப்படாது. எட்டு மீட்டர் ஆர்சிஏ கேபிள் வேண்டியிருக்கும், அந்த நீளத்தில் பாதகம் இல்லை. கிராஸ்ஓவர் 80-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஒலி பக்கத்திலிருந்து வருவது காட்டிக்கொடுத்துவிடும். சோஃபாவின் மறுகோடியில் இருப்பவருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கும். இரவு பத்து மணிக்குமேல் படம் பார்க்கும் ஒருவர் இருவருக்கான ஏற்பாடு இது.