பெல்ஜியத்திலிருந்து பீர்: வராத பன்னிரண்டும் வந்த ஆறும்

பெல்ஜியத்தில் இயங்கும் இணையவழி பீர் கடை ஒன்றின் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. கடையின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். அந்தக் கடையிடம் ஒருமுறை பணத்தை இழந்தேன். மறுமுறை அதே கடையிடமிருந்து மிக நல்ல பொருளைப் பெற்றேன். இரண்டு முறையும் வித்தியாசமாக இருந்தது பெட்டியின் மேல் எழுதப்பட்ட முகவரி மட்டுமே.

சென்னையில் இறக்குமதி பீர் கிடைக்காமல் இல்லை. டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் சில வகைகள் இருக்கின்றன. நட்சத்திர விடுதிகளிலும் கேட்டால் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் ஒன்றின் கையில் மட்டுமே இருப்பதால், அது கொள்முதல் செய்யாத ஒரு பீரைக் கடையில் தேடிக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நான் பார்த்த அலமாரிகளில் இருந்தவை பெரும்பாலும் லாகர் எனப்படும் வெளிர் நிற பீர்கள். எனக்கு வேண்டியிருந்தவையோ டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவு சபையின் மடாலயங்களில், துறவிகளின் மேற்பார்வையில் வடிக்கப்படும், ஏல் எனப்படும் அடர்த்தியான பீர் வகைகள். சில ஆண்டுகளுக்கு முன் பிரஸ்ஸல்ஸில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது தொற்றிக்கொண்ட ஆசை அது.

கடையின் தளத்தில் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலுக்கும் மதுச் செறிவு, பரிமாற வேண்டிய வெப்பநிலை, காலாவதி நாள் ஆகியவற்றைத் தெளிவாகக் கொடுத்திருந்தார்கள். நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. பன்னிரண்டு பாட்டில்களுக்கு 38 யூரோ, அவற்றைச் சென்னைக்கு அனுப்ப 74 யூரோ. சரக்கைவிட வண்டிக் கூலி இரட்டிப்பாக இருப்பதைப் பார்த்ததுமே கையை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. கண்ணாடி பாட்டில்கள் கனமானவை, அட்டைப் பெட்டி இடத்தை அடைக்கிறது, கூரியர் நிறுவனங்கள் எடை, பரிமாணம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்குகின்றன என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு பணத்தைக் கட்டினேன்.

ஆறாம் நாள் பெட்டி மீனம்பாக்கம் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் நகரவில்லை. கூரியர் நிறுவனம் முதலில் என் அடையாள ஆவணத்தைக் கேட்டது, அனுப்பினேன். அடுத்து, மதுவை இறக்குமதி செய்ய மாநில மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்று பதில் எழுதினேன். அப்படியானால் பெட்டியைத் திருப்பி அனுப்பலாம் அல்லது உரிமையைக் கைவிடலாம், வேறு வழி கிடையாது என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. சுங்க அதிகாரிகளைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. தமிழ்நாட்டில் மது இன்றும் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் நிர்வகிக்கப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வியப்பளிக்காது. இந்தியாவைத் தன் பட்டியலில் வைத்து 74 யூரோவை வாங்கிக்கொள்ளும் கடைக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

அனுமதி கையில் இருந்திருந்தாலும் கணக்கு உதைத்திருக்கும். நான் வரவழைத்த நேரத்தில் பீர் மீதான சுங்கத் தீர்வை நூறு விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அந்தத் தீர்வையும் பீரின் விலையோடு போக்குவரத்துச் செலவின் ஒரு பகுதியையும் காப்பீட்டையும் கூட்டி வரும் மதிப்பின் மீது விதிக்கப்படுகிறது. பெட்டியின் மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். அஞ்சலிலும் கூரியரிலும் வரும் அன்பளிப்புகளுக்கு இருந்த வரிச்சலுகை, ராக்கி, உயிர்காக்கும் மருந்து ஆகியவை நீங்கலாக, 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகனை நம்பியிருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: அமெரிக்க அஞ்சல் துறை மதுவை ஏற்பதே இல்லை, அங்குள்ள பெரிய கூரியர் நிறுவனங்களும் உரிமம் பெற்ற வணிகர்களிடமிருந்து மட்டுமே வாங்கிக்கொள்கின்றன.

பெட்டி பத்தொன்பது நாள் கிடங்கில் கிடந்து, அக்னி நட்சத்திர வெயிலை முழுவதுமாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது. திரும்பும் கூலியையும் என் தலையில் கட்டிய கடை, வெயிலில் கிடந்த பீரை மறுபடி விற்க முடியாது என்று கூறி விலையையும் திருப்பித் தர மறுத்தது. விற்க முடியாது என்பது உண்மைதான். சூட்டில் பீருக்குள் ஆக்சிஜனேற்றம் விரைந்து, நனைந்த அட்டையின் சுவை ஏறிவிடும். நான்கு மின்னஞ்சல்களுக்குப் பிறகு 20 யூரோ மதிப்புள்ள கூப்பன் ஒன்றை அனுப்பினார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு இந்தக் கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று கொடுப்பதே அதிகம்.

அந்தக் கூப்பனை வீணாக்க மனம் வரவில்லை. பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கும் அக்கா மகன் ஜூலையில் சென்னை வருவதாக இருந்தான். அவனுடைய முகவரிக்கு ஆறு பாட்டில்களை அனுப்பச் சொன்னேன். மறுநாள் மாலையே அவன் அறை வாசலில் பெட்டி இருந்தது. அனுப்பும் கூலி 6 யூரோ.

ஆறு என்ற எண்ணிக்கைக்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மது, அது பீரானாலும் ஒயினானாலும் விஸ்கியானாலும், மொத்தம் இரண்டு லிட்டர். பெல்ஜிய பாட்டில் 330 மில்லி லிட்டர் கொள்ளும். ஆறு பாட்டில்கள் 1.98 லிட்டர். சட்டத்தை அளந்து வடித்ததுபோல இருக்கிறது. ஜெர்மானிய அரை லிட்டர் பாட்டிலானால் நான்கு, 750 மில்லி பாட்டிலானால் இரண்டுதான். விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்குவதும் இதே இரண்டு லிட்டருக்குள் அடக்கம் என்பதால் வீட்டுக்குள் ஒரு சிறு பூசல் எழுந்தது: அத்தான் தன் மகனிடம் ஒரு லிட்டர் விஸ்கிக்குச் சொல்லி வைத்திருந்தார். “மாமா, அப்பாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்” என்று அவன் ஒதுங்கிவிட்டான். பேசினேன். இரண்டு பாட்டில் பீர் தருவதாக உடன்பாடு.

கடையின் பேக்கிங்கைப் பாராட்டியே ஆக வேண்டும். காகிதக் கூழில் வார்த்த அச்சுகளுக்குள் ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனியாக, ஒன்றை ஒன்று தொடாமல் உட்கார்ந்திருந்தது. அக்கா மகன் அந்த அச்சுகளைப் பிரிக்காமல், முழுப் பெட்டியையும் நெகிழிப் பையில் கட்டி, செக்-இன் பெட்டியின் நடுவில் துணிகளுக்கு இடையே வைத்தான். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் எடுத்துச் செல்ல முடியாதாகையால் வேறு இடமும் இல்லை. 24 விழுக்காட்டுக்குக் குறைந்த செறிவுள்ள மதுவைச் செக்-இன் பெட்டியில் கொண்டுவர விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவுக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டு லிட்டர் என்பது சுங்கத்தின் எல்லை மட்டுமே. துபாயில் விமானம் மாறி வந்த பெட்டியில் ஒரு பாட்டில்கூட விரிசல் காணவில்லை.

இனி பீருக்கு வருவோம். வாங்கியவை மூன்று டிராப்பிஸ்ட் வகைகள்: வெஸ்ட்மாலே டிரிப்பெல் இரண்டு, ஓர்வால் இரண்டு, ரோஷ்ஃபோர்ட் 10 இரண்டு. அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும் இவ்வகை பாட்டில்கள் பயணத்தில் கலங்கிவிடும் என்பதால், இரண்டு நாள் குளிர்பதனப் பெட்டியில் நிற்க வைத்த பிறகே திறந்தேன். மூன்றும் பழுப்புக் கண்ணாடி. பச்சைக் கண்ணாடியும் தெளிந்த கண்ணாடியும் ஒளியை உள்ளே விட்டு, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளைச் சிதைத்து ஒரு துர்வாடையை உண்டாக்கும் என்பதால், நெடும்பயணத்துக்கு இதையும் கவனித்து வாங்குவது உத்தமம்.

9.5 விழுக்காடு செறிவுள்ள வெஸ்ட்மாலே பொன்னிறம். வாழைப்பழமும் மிளகும் கலந்தாற்போன்ற மணம், முடிவில் உலர்ந்த கசப்பு. நன்றாகவே இருந்தது. ஆனாலும் பிரஸ்ஸல்ஸில் குடித்ததன் துடிப்பு சற்றுக் குறைந்திருந்ததாகப் பட்டது. என் நினைவின் குறையாகவும் இருக்கலாம். ஓர்வால் அப்படியல்ல. 6.2 விழுக்காடே ஆனாலும் பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசெஸ் என்னும் காட்டு ஈஸ்டைச் சேர்ப்பதால் உள்ளே நொதித்தல் மெல்லத் தொடர்ந்து நடக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல ஹாப்ஸின் மணம் பின்வாங்கி, தோலும் வைக்கோலும் போன்ற ஒரு புழுதி வாசம் மேலெழுகிறது. முதல் வாயில் முகம் சுளித்த அத்தான், இரண்டாவது பாட்டிலையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ரோஷ்ஃபோர்ட் 10தான் இந்த முயற்சி முழுவதற்கும் பதில் சொன்னது. 11.3 விழுக்காடு, காப்பிக் கஷாயத்தின் நிறம், உலர்ந்த அத்தி, பேரீச்சை, வெல்லப் பாகு இறங்கும் பதத்தில் எழும் கருகல் மணம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் இவற்றில் பாதிகூடத் தெரியாது. ஐரோப்பியர் சிறிது நேரம் வெளியே வைக்கச் சொல்வார்கள். சென்னையில் பத்து நிமிடம் போதும். இத்தகைய அடர்ந்த, செறிவு மிகுந்த பீர்கள் பயணத்தையும் நாள் கடப்பதையும் தாங்குகின்றன. ஹாப்ஸின் புதுமணத்தை நம்பியிருக்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்னும் பீர் வகைகளை இவ்வளவு தூரம் சுமந்து வருவது என்னைக் கேட்டால் வீண் வேலை.

கடையின் தேர்வுக்கும் பேக்கிங்கிற்கும் ஐந்துக்கு ஐந்து தருகிறேன். பெல்ஜியத்துக்குள் ஒரு முகவரியும் ஊருக்கு வரும் உறவினரும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். சென்னை முகவரியைக் கொடுத்து வாங்க நினைப்பவர்களுக்குப் பூஜ்யம்தான். டிசம்பரில் மறுபடி வரும் அக்கா மகனிடம் ரோஷ்ஃபோர்ட் நான்கும் ஓர்வால் இரண்டும் சொல்லியிருக்கிறேன். நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிடும்படி கடைக்கு இருமுறை எழுதினேன். இதை எழுதும்போது திறந்து பார்த்தேன், இன்னும் அங்கேயே இருக்கிறது, அனுப்பும் கூலி மட்டும் 79 யூரோ ஆகியிருக்கிறது.