பூட்டா, பழக்கமா: சிறு பிள்ளைகள் கையில் இணையம்

எங்கள் எட்டு வயது மகளை இணையத்தில் பாதுகாப்பாக இருக்கப் பழக்க நினைத்தபோது, காரைக்குடி வீட்டில் இரண்டு வழிகளையும் கையாண்டு பார்த்தோம். ஒன்று, பிள்ளையின் கைபேசிப் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க், சிறுவர்களுக்கான காணொளிச் செயலியான யூடியூப் கிட்ஸ் போன்றவற்றால் பூட்டுவது; மற்றொன்று, வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், எல்லோர் பார்வையும் படும் இடத்தில் உட்காரவைத்து, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பேசிப் பழக்குவது. நான் இரண்டாவது வழியின் பக்கம் சாய்ந்தவன்.

பூட்டின் பயனை மறுப்பதற்கில்லை. நேர வரம்பு வைக்கலாம்; புதிய செயலி இறக்க நம் அனுமதி வேண்டும்; யூடியூப் கிட்ஸில் தேடும் வசதியை நிறுத்தி, நாம் தேர்ந்தெடுத்த காணொளிகளை மட்டும் காட்டலாம். ஆனால் அதில் தனிக் கடவுக்குறி அமைக்காவிட்டால், பெற்றோர் பகுதியைத் திறக்க ஒரு பெருக்கல் கணக்கைத்தான் கேட்கிறது. வாய்ப்பாடு ஒப்பிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எம்மாத்திரம்?

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ஃபேமிலி லிங்கின் கட்டுப்பாடு பிள்ளையின் கணக்கோடு கட்டுண்டது. சிங்கப்பூரிலிருக்கும் சித்தப்பாவிடம் பேச அப்பத்தா வைத்திருக்கும் கைபேசி, ஐயா செய்தி பார்க்கும் கைபேசி, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வருவோர் கட்டிலில் போட்டுவிட்டுப் போகும் கைபேசிகள் ஆகிய எதிலும் அது செல்லாது. எல்லாவற்றையும் தேடிப்பிடித்துப் பூட்டினாலும், கைபேசி மாறும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் இது முடிகிற வேலையன்று.

பழக்கமோ எந்தக் கைபேசியை எடுத்தாலும் பிள்ளையோடு செல்கிறது. விளையாட்டில் அறிமுகமான ஒருவர் சீருடையின் நிறத்தைக் கேட்டால் என்ன செய்வாய் என்று மகளைக் கேட்டேன். “நிறந்தானே, சொன்னால் என்ன?” என்றாள். எங்கள் ஊரில் சீருடையைச் சொன்னால் பள்ளியைச் சொன்னதாகிவிடும் என்று விளக்கியதும், பள்ளி வேனின் எண்ணையும் சொல்லக் கூடாது என்று அவளே சேர்த்துக்கொண்டாள். படம் கேட்பவர், “அம்மாவிடம் சொல்லாதே” என்பவர், ஓடிபி கேட்பவர் என ஒவ்வொன்றையும் இப்படித்தான் பேசுகிறோம். அஞ்சத்தக்கது எதுவும் திரையில் வந்தால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டதற்காகக் கைபேசியைப் பிடுங்க மாட்டோம் என்பது இந்த ஒப்பந்தத்தில் எங்கள் பங்கு. பிடுங்கினால் அடுத்த முறை மறைத்துவிடுவாள்.

இதற்கும் செலவு உண்டு. சோறு ஊட்டக் கைபேசியைக் கொடுக்கும் அப்பத்தாவையும் இணங்கவைக்க வேண்டும். பணமோசடிக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்பதைப் பெரியவர்களும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பேச்சு போதாது. அந்த வயதில் நானும் பூட்டையே நம்புவேன். பதின்ம வயதினர் எங்கள் வீட்டில் இன்னும் இல்லை; தனிக் கைபேசியோடு மாடியறைக்குப் போய்விடும் அந்த வயதில் வளவில் உட்காரவைக்கும் ஏற்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை என் அனுபவத்தைக் கொண்டு சொல்ல இயலாது.