வசைச்சொல்லுக்கும் வம்சாவளி சொல்லும் பேரகராதி

ராயபுரத்தில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில், பால் கொண்டுவரத் தாமதித்த பையனைப் பார்த்து, "சால்ஜாப்பு சொல்லாத, ஒவ்வொரு தபாவும் இதே கதையா?" என்று கடைக்காரர் கடிந்துகொண்டார். கேள்வியும் பதிலும் என்று பொருள்படும் 'சவால் ஜவாப்' என்ற உருது இணைச்சொல் தேய்ந்து சால்ஜாப்பாகிச் சாக்குப்போக்கைக் குறிக்கலாயிற்று; முறை என்னும் பொருளுடைய 'தஃபா' தபாவாயிற்று. இத்தகைய சொற்களின் ஊரையும் உறவையும் விசாரிக்க நான் பல ஆண்டுகளாக நம்பியிருக்கும் துணை, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன். புலவர்களுக்கு உரியதென்று பலரும் ஒதுக்கிவைக்கும் அந்நூல் தெருப்பேச்சை ஆராய்கிறவனுக்கு எவ்வளவு உதவும் என்பதே இம்மதிப்புரையின் பொருள்.

1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியை அடித்தளமாகக் கொண்டு, 1913இல் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் தலைமையில் தொடங்கிய பணி, 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் நடந்து, 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக அச்சேறியது. 1939இல் அனுபந்தமும் சேர்ந்தபோது பதிவுகள் 1,17,762 ஆயின.

இந்நூலின் பெருமை எண்ணிக்கையில் இல்லை, பதிவின் அமைப்பில் இருக்கிறது. தலைச்சொல்லை அடுத்து ரோமன் எழுத்தில் ஒலிப்பும், பிறமொழி வழியாக வந்த சொல்லானால் அதன் மூலமும், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றில் உள்ள இனச்சொற்களும், பின்னர் ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருளும் வருகின்றன. பேச்சுவழக்கு என்றோ, யாழ்ப்பாண வழக்கு, நாஞ்சில் நாட்டு வழக்கு என்றோ சுருக்கக் குறியிட்டு, சங்கப் பாடலின் சொல்லுக்குப் பக்கத்திலேயே சந்தையின் சொல்லையும் உட்காரவைத்திருப்பது அக்காலத்துக்குத் துணிச்சலான செயல் என்றே கருதுகிறேன்.

'மாமூல்' என்ற பதிவைப் பார்த்தால் இதன் சுவை புரியும். அரபு மூலத்தைக் காட்டி, வழக்கம் என்பதையே முதற்பொருளாக அகராதி தருகிறது. மேசைக்கு அடியில் கைமாறும் பணத்துக்கு நாம் 'வழக்கம்' என்றே பெயர் வைத்திருக்கிறோம் என்பதும், "அவர் மாமூலாக வருகிறவர்" என்னும்போது பழைய பொருள் களங்கமின்றி உயிரோடிருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தன. சென்னைத் தமிழின் அடையாளமாகிவிட்ட 'கஸ்மாலம்' இதைவிட வியப்பானது. அழுக்கையும் மனக்கலக்கத்தையும் குறிக்கும் 'கச்மலம்' என்ற வடசொல்லே அதன் மூலம். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், தளர்ந்து உட்கார்ந்த அர்ச்சுனனிடம் கண்ணன் பேசும் முதல் சுலோகத்திலேயே அச்சொல் வருகிறது. குருக்ஷேத்திரத்தில் கேட்ட சொல் குழாயடியிலும் கேட்கிறது என்று தெரிந்தபின், அந்த வசையைக் கேட்டு முகம் சுளிக்க எனக்கு மனம் வரவில்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வாணிகம் செய்த டச்சுக்காரரின் 'டொய்ட்' என்ற செப்புக்காசே துட்டாயிற்று எனக் கொள்ளப்படுகிறது. கக்கூசும் அவர்கள் மொழிச்சொல்தான். எதை விட்டுச்செல்வது என்பதில் அவர்களுக்குப் பாகுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. ஒரு சொல் முதன்முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் பதிவானது என்று இவ்வகராதி சொல்வதில்லை. இலக்கியச் சொற்களுக்கு மேற்கோள் நூலைக் கொண்டு காலத்தை ஊகிக்கலாம். கொச்சைச் சொற்களுக்கு அந்த வழியும் இல்லை. 1939க்குப் பின் பிறந்த வழக்குகளையும் இதில் தேட முடியாது. 'டீலில் விடுதல்' ஓர் எடுத்துக்காட்டு. காற்றாடி நூலைத் தளர விடுவதை இந்தியில் 'டீல்' என்பார்கள். காற்றாடி விடுகிறவர்களின் வாயிலிருந்து இறங்கிய அச்சொல், நட்டாற்றில் கைவிடுவதைக் குறிக்கும் தொடராகிவிட்டது. 'கேடி' என்பதன் கதையும் சுவையானது. பழைய சென்னை மாகாணக் காவல்துறைப் பதிவேடுகளில் தொடர்ந்து குற்றம் புரிபவரை 'நோன் டெப்ரடேட்டர்' (Known Depredator) என்று எழுதி, சுருக்கமாகக் 'கே.டி.' என்றனர். 'கேடு', 'குடிகேடி' போன்ற சொற்கள் ஏற்கெனவே நம்மிடம் இருந்ததால், அந்த ஆங்கிலச் சுருக்கம் அந்நியமாகத் தோன்றாமல் தமிழ்ச் சொல்லாகவே காதில் விழுந்திருக்க வேண்டும்.

அகராதி மௌனம் காக்கும் இடங்களில் வாட்ஸாப் பேசத் தொடங்கிவிடுகிறது. உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்களிடம் வணிகர்கள் காசு வாங்காமல் 'காந்தி கணக்கில்' எழுதிக்கொண்டார்கள் என்ற கதை எனக்கு நான்கு குழுக்களிலிருந்து வந்தது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அனுப்பியவர்களில் ஒருவரும் அக்காலத்துச் சான்று ஒன்றைக் காட்டவில்லை. மூலம் தெரியாத இடத்தில் ஊகத்தை நிரப்பாமல் பொருளை மட்டும் தந்து நகர்ந்துவிடும் லெக்சிகனின் அடக்கத்தை அத்தகைய நேரங்களில் மிகவும் மதிக்கிறேன்.

அச்சுத் தொகுதிகளைப் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். நான்காம் தொகுதியில் ஒரு கட்டு முழுவதும் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்ததை வீட்டுக்கு வந்தபின்தான் கண்டேன்; திருப்பிக் கொடுக்கச் சென்றபோது கிடைத்த பதிலும் ஒரு சால்ஜாப்புதான். அன்றிலிருந்து அன்றாடத் தேவைக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தையே நாடுகிறேன். கட்டணமில்லை; தலைச்சொல்லைக் கொண்டு மட்டுமன்றிப் பொருளைக் கொண்டும் தேடலாம். ஜகரத்தில் அகப்படாத சொல்லைச் சகரத்தில் தேடிப் பார்ப்பது நல்லது. அச்சில்தான் வேண்டும் என்போர் ஆறு தொகுதிகளோடு அனுபந்தமும் இருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொரு தொகுதியையும் கடையிலேயே புரட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும்.