மீட்டர் திடீரென்று நின்றுவிட்டால்: காத்திருப்பதா, நாமே வாங்கிக் கொடுப்பதா?

வீட்டு மீட்டர் பழுதாகிவிட்டது என்பது பல நேரம் ரீடிங் எடுக்க வரும் கணக்கீட்டாளர் சொல்லித்தான் நமக்கே தெரியவரும். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், எதுவும் நிற்காது. டிஸ்பிளே மட்டும் வெறுமையாக இருக்கும். மதுரையில் எங்கள் வீட்டு மீட்டர் அக்டோபர் தொடக்கத்தில், ஒரு இடிமழைக்குப் பிறகு இப்படி ஆனது. மின்வாரியத்தில் புகார் கொடுத்தபோது இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார்கள். வாரிய மீட்டர் வரும்வரை காத்திருக்கலாம். அல்லது அங்கீகரிக்கப்பட்ட மீட்டரை நாமே வாங்கிக் கொடுத்தால் சோதித்து மாட்டித் தருவார்கள். நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். எல்லோருக்கும் அது சரிவராது. ஆனால் ஏ.சி. ஓடும் சிங்கிள் பேஸ் வீடு, மீட்டர் நின்றது கோடை முடிந்த பிறகு என்றால், வாங்குவதுதான் லாபம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

"சொந்த மீட்டரெல்லாம் வைக்க முடியாது" என்று அடித்துச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். மின்சாரச் சட்டம் 2003இன் 55ஆம் பிரிவு, சரியான மீட்டர் இல்லாமல் மின்சாரம் வழங்கக் கூடாது என்கிறது. மீட்டரின் விலைக்கு வைப்புத்தொகை கேட்கலாம்; நுகர்வோர் தானே வாங்க விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2006ஆம் ஆண்டு மீட்டர் விதிமுறைகள் இதை இன்னும் விளக்குகின்றன. மீட்டரை நாம் வாங்கினாலும் அதைச் சோதிப்பதும் மாட்டுவதும் சீல் வைப்பதும் விநியோக நிறுவனத்தின், அதாவது மின்வாரியத்தின் வேலை. இணைப்பிலிருந்து நிரந்தரமாகக் கழற்றிய பிறகுதான் அதை நம் சொத்து என்று கோர முடியும். ஆக, காசு நம்முடையது, கட்டுப்பாடு அவர்களுடையது. இது தெரிந்து வாங்கினால் பின்னால் மனவருத்தம் இல்லை.

துல்லியத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. வீட்டு மீட்டருக்குத் துல்லிய வகுப்பு 1.0 (பிழை சுமார் ஒரு சதவீதத்துக்குள்) அல்லது அதைவிட மேலானது வேண்டும் என்பது பொது விதி. சொந்த மீட்டர் மெதுவாக ஓடும், வாரிய மீட்டர் வேகமாக ஓடும் என்ற பேச்சுக்கெல்லாம் அடிப்படை இல்லை. செலவிலும் அதிகம் பேச ஒன்றுமில்லை. வாரிய மீட்டர் தானாகப் பழுதானால் மாற்றித் தருவது அவர்கள் பொறுப்பு. நம் பக்கக் கோளாறால் எரிந்துபோனது என்று முடிவானால் விலை நம் கணக்கில் ஏறும். நாமே வாங்குவதென்றால் சாதாரண சிங்கிள் பேஸ் மீட்டர் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும்.

இவ்வளவையும் பார்த்தால் இலவசமாக வருவதற்குக் காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பக்கத்துத் தெருவில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "தம்பி, மீட்டரை அப்புறம் பாக்கலாம். மொதல்ல ரீடிங் எழுதுற அட்டையை எடுத்து கடைசி நாலு மாச ரீடிங்கைப் பாருங்க" என்றார். முடிவை மாற்றியது அந்த ஒரு யோசனைதான்.

மீட்டர் ஓடாத காலத்துக்கு நமக்கு எப்படிப் பில் வரும்? தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு 2004இன் 11ஆம் விதி இதற்கென்றே இருக்கிறது. மீட்டர் பழுதான காலத்துக்கு, அதற்கு முந்தைய நான்கு மாதங்களின் சராசரியைப் போடுவார்கள். நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு என்பதால், முந்தைய இரண்டு பில்களின் சராசரி என்று புரிந்துகொள்ளலாம். எங்களுக்கு அந்த நான்கு மாதம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மதுரையில் அந்த மாதங்களில் ராத்திரி ஏ.சி. இல்லாமல் தூங்க முடியாது. ஆனால் மீட்டர் நின்றதோ மழைக்காலத்தில். அக்டோபர், நவம்பரில் ஏ.சி.யைத் தொடவே மாட்டோம். காத்திருந்தால், மழைக்காலத்தில் செலவழிக்காத மின்சாரத்துக்குக் கோடைக் கணக்கில் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

இதில் 500 யூனிட் வரம்பும் சேர்ந்துகொள்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்தே போட்டுப் பார்க்கிறேன்; அதற்குப் பிறகு விலை சற்று ஏறியது. அந்தக் கட்டணப்படி முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய், 101இலிருந்தே 4.50 ஆகிவிடும், 501இலிருந்து 8 ரூபாயில் தொடங்கும். ஒரு வீட்டின் கோடைச் சராசரி 560 யூனிட், மழைக்காலச் செலவு 340 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 340க்கு உண்மையான பில் 855 ரூபாய். சராசரியில் வரும் 560க்கு 2,430 ரூபாய். வித்தியாசம் 1,575 ரூபாய், அதுவும் ஒரே ஒரு பில்லில். மீட்டரின் விலையைவிட அதிகம். எங்கள் அட்டையில் இருந்த ரீடிங்கும் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் இருந்தது. அடுத்த பில்லும் சராசரியில் போனால் இழப்பு இரட்டிப்பாகும்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஏப்ரலில் மீட்டர் நின்றால் முந்தைய நான்கு மாதம் பனிக்காலத்தையும் சேர்த்து வரும். சராசரி குறைவாகத்தான் இருக்கும். அந்த நிலையில் அவசரப்பட்டு வாங்க வேண்டிய தேவையே இல்லை. ஏ.சி. இல்லாத, வருடம் முழுவதும் ஒரே மாதிரி செலவாகும் வீட்டுக்கும் அப்படித்தான்.

காத்திருப்பவர்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது, இது பலருக்குத் தெரியவில்லை. முந்தைய நான்கு மாதத்தின் பயன்பாட்டுச் சூழல் வேறுமாதிரி இருந்தால், கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் இதே போன்ற சூழல் இருந்த தொடர்ச்சியான நான்கு மாதங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அதே 11ஆம் விதி சொல்கிறது. இதை வாயால் சொல்லாமல், எந்த மாதங்கள், அவற்றில் எத்தனை யூனிட் என்று எழுதி உதவிப் பொறியாளரிடம் கொடுக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் மேலதிகாரியிடம் போகலாம், அதற்கும் மேலே மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. வழி இருக்கிறது, ஆனால் அலைய வேண்டும். நேரம் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். எனக்கு மீட்டரை வாங்குவது எளிதாக இருந்தது.

வாங்குவதென்றால் எங்கே கவனம் வேண்டும்? எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் சப் மீட்டர். வாடகைக்கு விட்ட போர்ஷனில் யூனிட் பார்க்க அது போதும், வாரிய இணைப்புக்கு ஆகாது. அதனால் கடைக்குப் போகும் முன்பே பிரிவு அலுவலகத்தில், எந்த நிறுவனங்களின் எந்த மாடல் ஏற்கப்படும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பில்லில் மீட்டரின் வரிசை எண் இருக்க வேண்டும், சோதனைச் சான்று கூடவே வர வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், உத்தரவாதக் காலத்தில் கோளாறு வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து நாமே மாட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். மீட்டரில் கைவைத்தால் மின்சாரச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்றமாகிவிடும்.

பழைய மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்பிளே போய்விட்டது என்றால் அளவிடுவதே நின்றுவிட்டது என்று பொருளில்லை. எலக்ட்ரானிக் மீட்டருக்குள் நினைவகம் உண்டு. கழற்றும்போது ரீடிங்கை எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கிடைத்தால் அந்தக் காலத்துக்குச் சராசரியே தேவைப்படாது. கிடைக்குமா என்பது மீட்டர் எந்த அளவுக்குப் பழுதானது என்பதைப் பொறுத்தது.

என் தேர்வுக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு: ஸ்மார்ட் மீட்டர். மத்திய அரசு 2021இல் அறிவித்த திட்டம் நாடு முழுவதும் அதை நோக்கித்தான் போகிறது. சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாகவே மாட்டிவிட்டார்கள். நம் தெருவுக்கும் அது வரும் நாளில், நாம் வாங்கிய மீட்டர் கழன்று நம் கைக்கே திரும்பி வரும். சொத்துதான், ஆனால் மறுபடி விற்க வழியில்லை. எனவே இதை நீண்டகால முதலீடாகப் பார்க்கக் கூடாது. ஒன்றிரண்டு பில்களில் தவிர்த்த இழப்பே அதன் விலையை ஈடுகட்டுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஈடுகட்டியது.

த்ரீ பேஸ் வீடுகளுக்கு இதே பதிலைச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. அங்கே மீட்டர் விலை இரண்டு மூன்று மடங்கு வரும், கணக்கைத் தனியாகப் போட வேண்டும். மாடியில் சோலார் இருந்தால் இரு திசையும் அளக்கும் மீட்டர் தேவை; அதற்கு நான் எழுதியது எதுவும் பொருந்தாது. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரைக் கேட்காமல் வாங்க வேண்டாம், இணைப்பு அவர் பெயரில்தான் இருக்கும்.

எந்த வழியில் போனாலும், நின்றதைப் பார்த்த அன்றே புகாரைப் பதிந்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் எந்த நேரமும் பதியலாம். புது மீட்டர் மாட்டும்போது அதன் தொடக்க ரீடிங்கையும் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து, அட்டையிலும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த பில்லில் எந்தத் தேதிவரை சராசரி, எந்தத் தேதியிலிருந்து உண்மையான ரீடிங் என்று அதை வைத்துத்தான் சரிபார்க்க முடியும்.