கேமராவா, ரோந்துக் காவலரா, தெரு இளைஞர்களா?

ஒரு வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள் என்றால் அந்த வாரமே குடியிருப்போர் சங்கம் கூடிவிடும். எங்கள் தெருவிலும் கூடினோம். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து கேமரா மாட்டலாம், ரோந்தைக் கூட்டச் சொல்லி ஸ்டேஷனில் மனு கொடுக்கலாம், நம் பையன்களையே இரவில் காவலுக்கு விடலாம் என்று மூன்று யோசனைகள் வந்தன.

கேமரா பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகுதான் உதவும். அந்த உதவி சின்னதல்ல. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது நிலையத்தில் கேமரா இல்லை. அருகிலிருந்த கட்டடங்களின் கேமராப் பதிவுகளைத்தான் போலீஸ் தேடிப்போனது. பிறகு 'மூன்றாவது கண்' என்ற பெயரில் சென்னை முழுக்கக் கேமராக்கள் வந்தன. ஆனால் மாட்டியபின் வயர் அறுந்தால் யார் பார்ப்பது என்று எந்தக் கூட்டத்திலும் முடிவாவதில்லை.

ரோந்துக் காவலருக்குத் தெரு தெரியும். வங்கி வாசலிலும் தெருமுனையிலும் பட்டா புத்தகம் என்ற ரோந்துக் குறிப்பேட்டை வைத்து, வந்துபோன நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடும் பழக்கம் நம் ஊரில் பழையது. வெளியூர் போகிறோம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டால் பூட்டிய வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். குறை என்னவென்றால், திருவிழா, தலைவர் வருகை என்று பந்தோபஸ்து வந்தால் முதலில் காலியாவது ரோந்துதான்.

மூன்றாவதில்தான் எனக்குப் பயம். 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப், போலீஸுக்குத் துணை நிற்கும் தன்னார்வலர்களுக்கான 'பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். மக்களும் போலீஸும் நெருங்கவேண்டும் என்ற நல்ல நோக்கம். போகப்போக சில இடங்களில் தன்னார்வலர்களே போலீஸ் போல நடக்கிறார்கள் என்ற புகார் வந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்தபோது, இந்தத் தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அமைப்பையே தடை செய்தது. அந்தச் சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமராவும் இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரித்த மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். கேமரா காட்டாமல் போன அந்த இரவில் நடந்ததைத் துணிந்து சொன்னவர் அங்கிருந்த பெண் தலைமைக் காவலர்.

அதனால் என் ஓட்டு ரோந்துக் காவலருக்கு. அவர் பெயரும் செல்போன் எண்ணும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். தெருவின் இரு முனைகளில் மட்டும் கேமரா போதும்; பராமரிப்புக்கு மாதச் சந்தாவில் ஒரு பங்கை இப்போதே ஒதுக்குவோம். பையன்கள் கண்ணில் பட்டதைப் போனில் சொல்லட்டும். கையில் தடி வேண்டாம்.