புகைபோக்கியைப் பூசி மூடுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் வீட்டுக்குப் பின்னால் விறகு எரிக்கும் கணப்படுப்பு கட்டிக்கொள்ளும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. அதைக் கட்டித் தருகிறேன் என்று கீழேயிருந்து ஏறி வந்து, ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வேலை பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு குத்தகைக்காரரிடம் நாங்கள் 7,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தோம். பணம் முழுதாகக் கைக்கு வரும்வரை பெயரைப் போடாதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சரி, போடவில்லை. இவரை விட்டால் இன்னொருவர் இதே வேலையை இதே மாதிரிதான் செய்யப்போகிறார். அவர் எதை எங்கே ஒளித்தார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் வீடு ரிங்லெட்டில். பின்னால் சிங்க் கூரை போட்ட தாழ்வாரம், அதைத் தாண்டிக் கொஞ்சம் வெற்றிடம், வேலிக்கு அந்தப் பக்கம் காய்கறித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூடாரங்கள். அப்பா தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். துரை பங்களாவில் எரியும் கணப்பை ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்த ஆள். வயதான காலத்தில் சாயங்காலம் ஆனால் கால் விறைத்துப்போகிறது என்பார். அவருக்காகத்தான் கட்டினோம்.

அந்தக் குத்தகைக்காரத் தம்பி வந்தார், கைப்பேசியில் படம் காட்டினார், எல்லாம் ஆற்றுக்கல் பதித்த அழகான அடுப்புகள். "அக்கா, இது என்ன பெரிய வேலை, வெளியில வைக்கிற அடுப்புதானே" என்றார். மாவட்ட மன்றத்தில் அனுமதி கேட்க வேண்டாமா என்றதற்கு, "அதெல்லாம் தேவையில்லக்கா" என்றார். வாட்சாப்பில் வந்த விலைச்சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: கணப்படுப்பு, புகைபோக்கியோடு, முழு வேலை, 7,800. என்ன கல், என்ன குழாய், எவ்வளவு உயரம் என்று ஒரு சொல் இல்லை. அந்த மாதிரி ஒற்றை வரிச் சீட்டு உங்களுக்கு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்னால், மீதி வேலை முடிந்த அன்றே. வேலை முடிந்தது என்றால் பூச்சு முடிந்தது என்று அர்த்தம். தீ மூட்டிப் பார்ப்பது அவர் கணக்கில் வேலையே இல்லை.

பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து படமெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாலைந்து நாள் காயவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூட்டினோம். புகை மேலே போகவே இல்லை. அடுப்பு வாயிலிருந்து சுருண்டு வெளியே வந்து தாழ்வாரத்துக்குள் படுத்தது. அப்பா இருமிக்கொண்டே நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் நகர்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, அடுப்புக்குள்ளே டமார் என்று ஒரு சத்தம். உள்சுவரில் பதித்திருந்த ஆற்றுக்கல் ஒன்று வெடித்து, ஒரு சில்லு பறந்து என் கொழுந்தனாரின் கோப்பிக் குவளைக்குள் விழுந்தது. குவளை உடையவில்லை, கோப்பி மட்டும் மேலெல்லாம் தெறித்தது. எல்லாரும் சிரித்துவிட்டோம். அதே சில்லு ஒரு சாண் மேலே பறந்திருந்தால் முகத்தில் பட்டிருக்கும்.

ஆற்றில் கிடந்த கல் வெளியே காய்ந்தமாதிரி தெரிந்தாலும் உள்ளே நுண்துளைகளில் நீரை வைத்திருக்கும். சூடேறினால் அந்த நீர் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியப் பார்க்கும், வழி கிடைக்காவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டு வரும். ஆற்றுக்கல்லை வெளி அலங்காரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பதிக்கலாம். தீ படும் இடத்தில் ஒன்றுகூடக் கூடாது.

குத்தகைக்காரருக்கு அழைத்தோம். "முதல்ல அப்படித்தான்கா, காய்ஞ்சா சரியாயிடும்." மறுபடி அழைத்தோம். "நீங்க ஈர விறகு போட்டிருப்பீங்க." இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. ஈர விறகு புகையத்தான் செய்யும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய விறகுதான் ஒழுங்காக எரியும். இந்த மலை மழையில் மூடி வைக்காத விறகு அந்தப் பக்கமே போகாது. ஈர விறகின் புகை, குளிர்ந்த குழாயில் பட்டுத் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஒருநாள் அதுவே குழாய்க்குள் தீப்பிடிக்கும். எல்லாம் சரி. ஆனால் நாங்கள் போட்டது கூரைக்குக் கீழே ஒரு வருஷத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்த தேயிலைக் கட்டை, தட்டினால் கணகணவென்று கேட்கும். அதைப் படம் பிடித்து அனுப்பியபிறகு பதிலே இல்லை. அப்புறம் கோலாலம்பூரில் வேலையாம்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கும் விறகுச் சூளையைப் பராமரித்த பெரியவர் ஒருவரை அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வந்தவர் தீயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சின்னச் சுத்தியலால் புகைபோக்கியைக் கீழேயிருந்து மேலே தட்டிக்கொண்டே போனார். இடுப்பு உயரத்துக்கு மேலே சத்தம் மாறியது. "என்னம்மா, உள்ளே ஒண்ணுமில்லையே" என்றார். பூச்சை ஓர் இடத்தில் பெயர்த்தோம். கோழிக்கூட்டுக் கம்பிவலை, அதன்மேல் சிமிந்து, உள்ளே ஆறு அங்குல நாகம் (துத்தநாகம்) பூசிய மெல்லிய தகரக் குழாய். கூரைத் தண்ணீர் இறங்குவதற்குப் போடுவோமே, அந்த ரகம். வெளியே பார்த்தால் கல் கோபுரம், உள்ளே பீலிக் குழாய்.

நாகம் உருகும் சூடு 420 பாகை செல்சியஸுக்குள் வந்துவிடும். நன்றாக எரியும் விறகுத் தீ அதைத் தாண்டிப் போகும். அடுப்புக்கு நேர் மேலே இருந்த குழாயில் பூச்சு போய், தகரம் நீலமும் கறுப்புமாக மாறியிருந்தது. அதற்குள்ளேயே அப்படி. இன்னும் கொஞ்ச நாள் எரித்திருந்தால் ஓட்டை விழுந்து, தீப்பொறி பூச்சுக்கு உள்ளேயே அலைந்திருக்கும். நாகப் பூச்சு சூட்டில் புகையானால் அதை மூச்சில் இழுப்பவருக்குக் காய்ச்சல் வரும் என்பது வெல்டிங் செய்பவர்களுக்குத் தெரியும்.

அளவும் தப்பு. எங்கள் அடுப்பு வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம், அதாவது 1,080 சதுர அங்குலம். வட்டக் குழாய் என்றால் வாயின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சதுரம் என்றால் பத்தில் ஒரு பங்கு குழாய்க்கு வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதியில் ஒரு கணக்கு இருக்கிறது. எங்களுக்குக் குறைந்தது 90 சதுர அங்குலம், அப்படியானால் 11 அங்குலக் குழாய். குத்தகைக்காரர் வைத்த ஆறு அங்குலக் குழாய்க்கு 28 சதுர அங்குலம்தான் வரும். எந்த விறகைப் போட்டாலும் புகை திரும்பித்தான் வரும். "காய்ஞ்சா சரியாயிடும்" என்றது எவ்வளவு பெரிய பொய் என்று அந்தக் கணக்கைப் போட்டபிறகுதான் புரிந்தது.

உயரத்துக்கும் அதே விதிப்புத்தகத்தில் சுலபமான கணக்கு: கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து 3 அடிக்குக் குறையாமல், அதோடு 10 அடித் தூரத்துக்குள் இருக்கும் கட்டடப் பகுதி எதையும்விட 2 அடி மேலே. எங்களுடையது சிங்க் தகரத்துக்கு மேலே ஒரு முழம். காற்று வீட்டுச் சுவரில் மோதிக் கீழே இறங்கும்போது புகையையும் சேர்த்துக் கொண்டுவந்தது.

இதெல்லாம் பணநஷ்டம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது கூரையில் இருந்தது. பெரியவர் ஏணி போட்டு ஏறி, குழாய் கூரையைத் தாண்டும் இடத்தைப் பார்த்துவிட்டு என்னையும் மேலே வரச் சொன்னார். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே 18 அங்குலம் விடச் சொல்கிறார்கள். இங்கே மரச்சட்டம் ஒரு விரல்கட்டை தூரத்தில் இருந்தது. அந்த இடைவெளியையும் சும்மா விடவில்லை. மழைநீர் ஒழுகாமல் இருக்க, ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கும் மஞ்சள் ஸ்பிரே ஃபோமை அடைத்திருந்தார். அது எரியக்கூடிய சாமான். குழாய்ப் பக்கம் அது உருகிக் கறுத்து இறுகியிருந்தது. சட்டத்தைச் சுரண்டினால் நகத்தில் கரி வந்தது. மரம் இப்படித்தான்: நாள்பட்ட சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, பிறகு முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். நாம் படுத்துத் தூங்கிய பிறகு பற்றும். தாழ்வாரச் சட்டம் நேரே வீட்டுக் கூரையோடு சேர்ந்திருக்கிறது, அதற்குக் கீழேதான் அப்பா படுக்கும் அறை.

குழாய் முனையில் பொறி தடுக்கும் வலையும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் கூடாரம் என்று சொன்னேனே. ஒரு பொறி போதும், பக்கத்துத் தோட்டத்து முதலாளி தவுக்கேயின் தக்காளியோடு நம் மானமும் போகும்.

அன்றைக்கே அடுப்பு வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டோம். பிறகு இடித்தோம். இடிக்கும்போதுதான் தெரிந்தது, அடுப்பின் உள்சுவரிலும் சூடு தாங்கும் செங்கல், அதாவது ஃபயர் பிரிக், ஒன்றுகூட இல்லை. எல்லாம் சாதாரணச் செங்கல், சாதாரணச் சிமிந்து. கட்டட சாமான் கடையில் மலாயில் 'பாத்தா அப்பி' என்றாலே ஃபயர் பிரிக்கை எடுத்துக் கொடுப்பார்கள், அரிதான பொருள் ஒன்றுமில்லை. சாதாரணச் சிமிந்துக் கலவை 400, 500 பாகையில் பொருமி உதிர ஆரம்பிக்கும். அடுப்புக்குள் செங்கல்லை இணைக்கவும் சூடு தாங்கும் கலவைதான் வேண்டும். அடித்தளமும் பெயருக்குத்தான். ஏற்கெனவே இருந்த தாழ்வாரத் தளத்தின்மேலேயே ஏற்றிவிட்டார், தளத்தில் விரிசல்.

மறுபடி கட்டினோம், பெரியவர் மேற்பார்வையில். இந்த முறை தாழ்வாரத்துக்குக் கீழே இல்லை, வெற்றிடத்தில், கூரைக்கே வேலை வைக்காமல். அடித்தளம் தனியாக ஒரு அடி கனம், அடுப்பைவிட எல்லாப் பக்கமும் ஆறு அங்குலம் தள்ளி. உள்ளே ஃபயர் பிரிக், புகைபோக்கிக்குச் செங்கல் கூடும் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாயும், முனையில் தொப்பியும் அரை அங்குலக் கண்ணுக்கு மேல் போகாத வலையும். ஒவ்வொரு கட்டத்திலும் பூசுவதற்கு முன்னால் பெரியவர் கையை விட்டுத் தடவிப் பார்த்தார், நான் படம் எடுத்தேன். கட்டி ஒரு மாதம் கழித்துத்தான் தீ, அதுவும் முதலில் சுள்ளித் தீ. அவசரப்பட்டால் ஈரச் சுவரே விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பலகை, பேலட், சாயம் பூசிய சட்டம் எதுவும் உள்ளே போவதில்லை. பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரங்களில் சிலவற்றில் ஆர்செனிக் இருக்கும், அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். குளிர் காற்றுக்குப் பயந்து சுற்றிலும் கேன்வஸ் இறக்கிவிட்டு உள்ளே தீ மூட்டும் வழக்கம் இங்கே சில வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கரியமில வாயு என்று நாம் படித்தது வேறு, இது கார்பன் மோனாக்சைடு, மணமும் கிடையாது நிறமும் கிடையாது, உட்கார்ந்த இடத்திலேயே மயக்கிவிடும்.

பண விஷயம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா, புகார் போட்டோம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பிரச்சினை வந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டியது குத்தகைக்காரர் பொறுப்பு, சீட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த மன்றம் வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்குத்தான். வியாபாரத்துக்குக் கட்டியது என்றால் இந்தக் கதவு திறக்காது. அதனால் நீங்கள் ஒப்பந்தத்திலேயே இன்னும் கறாராக இருக்க வேண்டும், குத்தகைக்காரர் சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில்) பதிந்தவரா என்று இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் முன்பணத்தைத் தொட வேண்டும்.

எங்கள் பக்கம் பேசியது மூன்று சாமான்: வாட்சாப் உரையாடல், வங்கிப் பரிமாற்றச் சீட்டு, பையில் போட்டுக் கொண்டுபோன அந்தக் கருகிய குழாய்த் துண்டு. குழாயைப் பார்த்தபிறகு அவரே சமரசத்துக்கு வந்துவிட்டார். 6,000 வெள்ளியைத் தவணையில் திருப்பித் தர ஒப்புக்கொண்டார், வந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொரு மாதமும் கடைசி நாள் ராத்திரி. தீர்ப்பு வந்தும் 14 நாளுக்குமேல் கட்டாமல் இழுத்தால் அது குற்றமாகிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஆள் வேலையை நிறுத்தவில்லை. போன மாதம் தானா ராத்தாவில் இருக்கும் என் சித்தி மகளுக்கு அவர் அனுப்பிய படங்களில் எங்கள் அடுப்பும் இருந்தது, பக்கத்தில் நீலத் தண்ணீர்த் தொட்டி, அப்பாவின் மரநாற்காலி எல்லாத்தோடும். அந்தப் படத்தை உங்களுக்கும் காட்டினால், அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்க முகவரி வேண்டும் என்று கேளுங்கள்.