இடுப்பு வலிக்கு எலக்ட்ரிக் ஹீட்டிங் பெல்ட்: ஐந்து மாதம் கட்டிப் பார்த்த பிறகு

20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும்போது இடுப்பில் சுளீரென்று பிடித்தது. கேனைக் கீழே வைக்கவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் அதைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு நிமிடம் நின்றேன். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "தசைப்பிடிப்புதான், ஸ்கேன் எல்லாம் வேண்டாம், சூடு ஒத்தடம் கொடுங்க, படுத்தே கிடக்காதீங்க" என்றார். அப்படி வாங்கியதுதான் இந்த பெல்ட், 1,150 ரூபாய்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ரப்பர் வெந்நீர் பை என்றால் குப்புறப் படுத்து யாரையாவது கூப்பிட்டு முதுகில் வைக்கச் சொல்லணும், அதுவும் மூடி சரியாகத் திருகியிருக்கிறதா என்ற பயத்தோடு. பெல்ட்டில் மூன்று அளவு சூடு இருக்கிறது, நடு அளவே தாராளம். கால் மணி நேரத்தில் ரத்த ஓட்டம் கூடி, கல் மாதிரி இறுகிக் கிடந்த சதை இளகுவது நன்றாகவே தெரிகிறது. வலி பறந்துபோய்விடும் என்று நினைக்காதீர்கள், குறையும், அவ்வளவுதான். ஆனால் காலையில் வாஷ்பேசினில் கையூன்றிக்கொண்டு பல் தேய்த்தவனுக்கு அந்தக் குறைவே பெரிய விஷயம்.

அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூடு, மசாஜ் போன்றவற்றைத்தான் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கும் வலிக்கான பட்டியலில் சூடு இல்லை, உடற்பயிற்சியும் யோகாவும் இருக்கின்றன. ஆறு வருட வலியோடு "மாப்ளே, நானும் ஒண்ணு வாங்கட்டுமா" என்று கேட்ட மச்சானிடம் அதனால்தான் வேண்டாம் என்றேன்.

இனி குறைகள். ஒயர் ரொம்பக் குட்டை, எங்கள் வீட்டில் சுவிட்ச் போர்டு கதவோரம் இருப்பதால் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி வாசலிலேயே உட்கார வேண்டியிருக்கிறது. வெல்க்ரோ பனியன் நூலையெல்லாம் பிடித்து இழுக்கிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, அரை மணி நேரத்தில் தானாக அணையும் என்று பெட்டியில் போட்டிருந்தது ஒருநாள் அணையவே இல்லை, நான் அதைக் கட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் இடுப்பு செக்கச் செவேல். நல்லவேளை கொப்புளம் இல்லை. புகார் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், 11 நாள் ஆனது. இப்போது போனில் 20 நிமிட அலாரம் வைக்காமல் கட்டுவதே இல்லை. அடிக்கடி அளவுக்கு மீறிச் சூடு காட்டினால் தோலில் வலை பின்னியது மாதிரி பழுப்புத் தழும்பு விழும், அது சீக்கிரம் போகாது.

அப்பாவும் கேட்டார், கொடுக்கவில்லை. 15 வருடமாகச் சர்க்கரை, காலில் செருப்பு கழன்றாலே தெரியாத அளவுக்கு மரத்துப்போயிருக்கிறது, இடுப்பில் சுட்டாலும் தெரியுமா என்ற சந்தேகம். கால் திடீரென்று பலம் இழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, பெல்ட்டைத் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அம்மாவுக்கு இந்த பெல்ட் மேல் கொஞ்சமும் மரியாதை இல்லை. "ஆயிரம் ரூவாய்க்கு ஒயர் வாங்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு" என்று சொல்லிக்கொண்டே, கரண்ட் போன ஒரு ராத்திரி கல்லுப்பை இரும்புச் சட்டியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, தன் புறங்கையில் ஒற்றிப் பார்த்துவிட்டு எனக்கு வைத்தார். உண்மையைச் சொன்னால் சுகம் அதில்தான் கூடுதல். ஆனால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும், திரும்ப வறுக்கணும், வறுக்க அம்மா வேண்டும். தனியாக இருப்பவர்களுக்கு பெல்ட்தான் சரி.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், ஒயர் நீளமாக இருந்திருந்தால் மூன்றரை. கேனை நான் தொடுவதில்லை, 10 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் தண்ணீர் போடும் தம்பியே கவிழ்த்துவிட்டுப் போகிறார்.